தை இரண்டாம் தேதித் தாள்

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள், தம்பி. எனக்கு வேண்டாம். ஜன்னல் ஓரத்தில் பை இருந்தால் வெளியிலிருந்து கையை விட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பை என் மடியிலேயே இருக்கட்டும். கனமில்லை. ஒரு ஃபைல், ஒரு தண்ணீர் பாட்டில், என் மனைவி கொடுத்தனுப்பிய ஒரு சம்புடம். அவ்வளவுதான்.

நீங்கள் திண்டுக்கல்லா? நான் அய்யலூர் வரைக்கும். அங்கே ஒருவனிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கியதும் அடுத்த பஸ்ஸில் திருச்சிக்குத் திரும்பிவிடுவேன்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்கக் கூடாது. நீங்கள் கார் கம்பெனி எதிலும் வேலை பார்க்கவில்லையே? ஷோரூம், சர்வீஸ் சென்டர், இன்ஷூரன்ஸ்? இல்லையா? பூட்டுக் கடையா! நல்லது. பூட்டு விற்கிறவருக்கு நான் சொல்வது புரியும்.

என் பெயர் அருணகிரி. முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைகளில் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து முத்திரை வைக்கிற வேலை. முப்பத்தோரு வருஷம். தராசுத் தட்டின் அடியில் புளி உருண்டை ஒட்டி வைத்தவனைப் பிடித்திருக்கிறேன். மண்ணெண்ணெய் அளக்கிற குவளையின் அடியை உள்பக்கமாகத் தட்டி உயர்த்தி வைத்தவனைப் பிடித்திருக்கிறேன். நம்பிக் கெட்ட ஆய்வாளர்கள் எனக்குத் தெரியும். சந்தேகப்பட்டுக் கெட்ட ஆய்வாளர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

என் வீட்டில் ஒரு கார் இருக்கிறது. வெள்ளைக் கார். கம்பெனி பெயர் வேண்டாம். பஸ்ஸில் யார் காது எங்கே இருக்கிறது என்று தெரியாது. மூன்றரை வருஷத்துக்கு முன்னால் வாங்கினேன். ஷோரூமில் எனக்காக ஒரு வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தி வைத்திருந்தார்கள். கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்தேன். டிசம்பரில் செய்த வண்டி. நான் வாங்கப் போனது பிப்ரவரியில்.

“பழைய வருஷத்து வண்டியை என் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா?” என்றேன்.

“சார், ஆறு வாரம்தான் சார் ஆச்சு. அதே வண்டிதான்” என்றான் அந்தப் பையன்.

அதே வண்டி என்றால் எனக்கு ஏன் இத்தனை அவசரமாகத் தள்ளுகிறாய்? ஜனவரியில் செய்த வண்டி வந்தால் எடுப்பேன், இல்லாவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடு என்றேன். வரவழைத்தார்கள். ஜனவரி நான்காம் தேதி செய்த வண்டி. தகட்டைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். டிசம்பர் வண்டியை எங்கள் தெருவிலேயே இருக்கிற பல் டாக்டர் குலோத்துங்கன் வாங்கிக்கொண்டு போனார். பாவம், விவரமில்லாத மனிதர் என்று அப்போது நினைத்தேன். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

எனக்குக் கண்ணில் புரை. சிகிச்சை செய்த பிறகும் எதிர் வண்டி வெளிச்சம் கூசும். அதனால் ஒரு டிரைவரை வைத்திருந்தேன். சவரிமுத்து என்று பெயர். ஆறு வருஷம். பழைய காருக்கும் அவன்தான், இந்தக் காருக்கும் அவன்தான். நல்லவன்தான். நல்லவனாக இருந்தான் என்றுதான் இதுவரைக்கும் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

போன கார்த்திகை மாதம் பெட்ரோல் குறைய ஆரம்பித்தது. லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் கொடுத்த வண்டி பதினான்கு கொடுக்கிறது. பிறகு பதின்மூன்று. முதலில் பங்க்கைச் சந்தேகப்பட்டேன். நேரே போய், ஐந்து லிட்டர் அளவுக் குடுவையை எடு என்றேன். அது ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும், தம்பி. நாம் கேட்டால் நம் எதிரில் அளந்து காட்ட வேண்டும். மூன்று தடவை அளக்கச் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும். மூன்று தடவையும் சரியாக இருந்தது.

பங்க் இல்லையென்றால் வேறு யார்? வண்டிச் சாவி இரண்டே பேரிடம். ஒருவன் நான்.

அந்தச் சமயத்தில்தான் சவரி சொல்ல ஆரம்பித்தான். “சார், பின்னாடி உக்காந்தா பெட்ரோல் வாசம் வருது. ஒருதடவை சர்வீஸ்ல காட்டிரலாம்” என்று. கவனித்தீர்களா? நான் பெட்ரோல் குறைகிறது என்று வாய் திறக்கும் முன்னால் அவனே வாசம் வருகிறது என்கிறான். என் மனைவி கமலவேணியும் சொன்னாள், தலை வலிக்கிறது என்று. அவளுக்குச் சவரி எது சொன்னாலும் சரி. எனக்கு வாசம் ஏதும் வரவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கு அடைப்பு உண்டு, ஆனால் அது வேறு விஷயம்.

நான் என் வழியில் சோதித்தேன். டேங்கை நிறைத்து, பெட்ரோல் மூடிக்கு மேலே ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டு வைத்தேன். திறந்தால் கிழியும். ஆபீஸில் சாக்குக்கு முத்திரை வைப்போமே, அதே முறை. நான்கு நாள் வண்டி வீட்டிலேயே நின்றது. ஐந்தாம் நாள் பார்க்கிறேன், பட்டை அப்படியே இருக்கிறது. கையெழுத்து அப்படியே இருக்கிறது. ஆனால் பெட்ரோல் முள் இறங்கியிருக்கிறது!

முப்பத்தோரு வருஷத்தில் என் முத்திரையைக் கிழிக்காமல் உள்ளே இருப்பதை எடுத்தவன் ஒருவனும் கிடையாது. எவ்வளவு கைதேர்ந்தவன் என்று பாருங்கள்!

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பட்டை கிழியவில்லை என்றால் யாரும் எடுக்கவில்லை என்று அர்த்தமா? கமலவேணியும் அதைத்தான் கேட்டாள். பூட்டு உடையாமல் வீட்டில் திருட்டுப் போவதே இல்லையா? உங்கள் தொழில், நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தினமும் காலையில் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழிப்பேன், ஆனால் எறிய மாட்டேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். முந்தின நாள் கவனித்ததை அதில் இரண்டு வரி எழுதி, கிளிப்பில் போட்டு வைப்பேன். முன்பக்கம் தேதி அச்சில் இருக்கிறது. நாளைக்கு யாரும் மறுத்துப் பேச முடியாது. சவரி பெட்ரோல் வாசம் என்று சொன்னது நான்கு தாள்களில் இருக்கிறது. நான்கிலும் பக்கத்தில் ‘நாடகம்’ என்று குறித்திருக்கிறேன்.

பிறகு மாட்டுப் பொங்கல். தை இரண்டு. எங்கள் வீட்டில் மாடு கிடையாது. அன்றைக்குக் காருக்குத்தான் பூஜை. கமலவேணி சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் மாலை போட்டு, கரும்புத் துண்டு கட்டினாள். நானே முந்தின நாள் டேங்க் நிறைய பெட்ரோல் போடச் சொல்லியிருந்தேன். பூஜைக்கு நிற்கிற வண்டி நிறைந்திருக்க வேண்டும். தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு அவள் வண்டியைச் சுற்றி வந்தாள்.

“அம்மா, வேணாம்மா. சாமி ரூம்லயே காட்டிட்டு எடுத்துட்டு வாங்க. வண்டிகிட்ட வேணாம். இன்னிக்கு வாசம் ரொம்ப அடிக்குது” என்றான் சவரி.

“நல்ல நாளும் அதுவுமாக ஏதாவது சொல்லிக்கொண்டு நிற்காதே. நீ காட்டு, கமலா” என்றேன் நான்.

அவள் தீக்குச்சியைக் கிழித்து ஏற்றினாள். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து தட்டைக் காட்டினாள். அவ்வளவுதான், எங்கிருந்து வந்தானோ, பாய்ந்து வந்து எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டான். தட்டு கீழே விழுந்து உருண்டது. குங்குமம் தரையெல்லாம் சிவப்பு. நல்ல நாளில், பூஜைக்கு ஏற்றிய கற்பூரத்தை அணைக்கிறான், தம்பி! கமலவேணி உள்ளே ஓடித் தண்ணீர் கொண்டுவந்தாள். கை வெந்துவிட்டது என்று பிறகு சொன்னாள். நான் பார்க்கவில்லை. அவனும் காட்டவில்லை, துண்டைச் சுற்றிக்கொண்டான்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “சக்கரத்துக்குப் பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருப்பது உனக்கு எப்படித் தெரியும்? எடுத்தவனுக்குத்தானே தெரியும்?”

சாவியை வைத்துவிட்டுப் போ என்றேன். வைத்தான். கேட் வரைக்கும் போனவன் திரும்பி வந்தான். “சார், நான் எடுத்தேன்னே வச்சுக்குங்க. ஆனா வண்டியை ஒருதடவை பாக்கச் சொல்லுங்க” என்றான்.

பார்த்தீர்களா? அவன் வாயாலேயே வந்துவிட்டது.

மறுநாள் காலை தாளைக் கிழித்து எழுதி வைத்தேன். அந்தத் தாளின் முன்பக்கம் என் ராசிக்கு என்ன போட்டிருந்தது தெரியுமா? கன்னி, தெளிவு. ஒரே வார்த்தை.

அவன் போன பிறகும் பெட்ரோல் குறைந்தது. மாற்றுச் சாவி செய்து வைத்திருப்பான் என்று நினைத்து, கேட்டுக்கு ஒரு பெரிய பூட்டு வாங்கிப் போட்டேன். உங்கள் ஊர்ப் பூட்டுதான். நல்ல பூட்டு, குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் குறைந்தது. அப்போதுதான், சித்திரை மாதம், ராஜாமணி என்கிற மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் பின்சீட்டைத் தூக்கினார். அதற்கு அடியில்தான் டேங்க் இருக்கிறது. டேங்குக்குள்ளே பெட்ரோல் பம்ப். பம்பின் தலையில் மூடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் வட்டம். அதில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். டேங்க் நிறைந்திருந்தால் அது வழியாகக் கசிந்து, டேங்க் மேலே வழிந்து, பின் சக்கரத்துப் பக்கம் சொட்டும்.

ராஜாமணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். “சார், எத்தனை மாசமா சார் இப்படி? யாரும் பக்கத்துல தீக்குச்சி கிழிக்கலையே?” என்றார்.

மெக்கானிக்குகள் அப்படித்தான், பயமுறுத்திவிட்டுத்தான் பில் போடுவார்கள். விரிசலை அவரே உண்டாக்கியிருப்பாரோ என்றுகூட ஒரு நிமிஷம் பார்த்தேன். ஆனால் விரிசலின் ஓரமெல்லாம் அழுக்குப் படிந்திருந்தது. பழைய விரிசல்தான். என் காசில் புதுப் பம்ப் மாட்டச் சொல்லி, கழற்றிய பழையதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பக்கத்தில் அது செய்த மாதம் பொறித்திருக்கிறது: அக்டோபர். கார் ஜனவரி, பம்ப் அக்டோபர்!

ஆனி மாதம் பேப்பரில் செய்தி வந்தது. அந்தக் கம்பெனி, அந்த மாடல், பெட்ரோல் பம்பில் கசிவு; டிசம்பர் முப்பத்தொன்று வரைக்கும் செய்த கார்களை எல்லாம் திரும்ப அழைத்து இலவசமாகப் பம்ப் மாற்றிக் கொடுக்கிறார்கள். பல் டாக்டருக்குப் போன் வந்தது. காலையில் வண்டியை எடுத்துப் போனார்கள், சாயங்காலம் புதுப் பம்போடு, கழுவித் துடைத்துக் கொண்டுவந்து விட்டார்கள். “என்ன சார், உங்களுக்குக் கூப்பிடலையா?” என்று மாடியிலிருந்து கேட்கிறார். மனிதர் பல்லைக் காட்டியதைப் பார்க்க வேண்டும். நான் வேண்டாம் என்று தள்ளிய அதே வண்டி, தம்பி.

நான் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே ஒரு பெண் கம்ப்யூட்டரில் என் வண்டி நம்பரைத் தட்டினாள். “சார், உங்க வண்டி லிஸ்ட்ல இல்ல.”

“லிஸ்ட்டில் இல்லாவிட்டால் என்னம்மா, கசிந்ததே.”

“லிஸ்ட்ல இல்லன்னா அந்தப் பிரச்சினை உங்க வண்டிக்கு இல்லைன்னு அர்த்தம் சார்.”

பையிலிருந்து பழைய பம்பை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அந்தப் பெண் முகத்தைச் சுளித்து நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். “வாசம் வருது சார். ஆனா லிஸ்ட்ல வரல.”

எனக்கு எப்படி இருந்திருக்கும்? கண் முன்னால் பொருள் இருக்கிறது, மூக்கு முன்னால் வாசம் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, தான் முன்கூட்டி எழுதி வைத்துக்கொண்டதையே பிடித்துத் தொங்குகிறார்கள். இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா? பதினோரு கடிதம் எழுதினேன். பதினொன்றுக்கும் ஒரே பதில்.

எங்கள் ஆபீஸிலும் தவறு நடக்கும். சரியான தராசைத் தப்பு என்று பறிமுதல் செய்துவிடுவோம். அதற்கு ஒரு நடைமுறை உண்டு. கடைக்காரருக்குக் கொடுத்த தாளிலேயே, அடியில், ‘மறுபடி சோதித்தேன், சரியாக உள்ளது’ என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, நேரில் போய்க் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பக் கூடாது. நான் இரண்டு தடவை அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன குறைந்துபோனேன்? ஒரு வரி. இவ்வளவு பெரிய கம்பெனிக்கு அந்த ஒரு வரி எழுதக் கை வரவில்லை.

இதோ மணப்பாறை வந்துவிட்டது. பையைக் கொஞ்சம் இப்படி நகர்த்திக்கொள்கிறேன், ஏறுகிறவர்கள் இடிப்பார்கள்.

நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். வக்கீல் ஒரு அம்மாள், கெட்டிக்காரி. அவர் சொன்னார்: “பட்டியலில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மூன்று வருஷ வாரண்டி பிப்ரவரி பத்தாம் தேதி வரைக்கும் இருந்திருக்கிறது. அதற்கு முன்னாலேயே கசிவு இருந்தது என்று காட்டினால் போதும். யாராவது பார்த்தார்களா? சொன்னார்களா? எழுத்தில் ஏதாவது உண்டா?”

சொன்னவன் ஒருவன்தான். அவன் இப்போது அய்யலூரில், மாமனார் ஊரில், யாருடைய வேனையோ ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று கமலவேணி சொன்னாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் போனை எடுத்து அடித்தாள். நம்பரைத் தேடவில்லை. “சவரி, கை இப்ப எப்படிப்பா இருக்கு?” என்றுதான் ஆரம்பித்தாள். அப்படியென்றால் அது முதல் போன் இல்லை. ஏழு மாதமாக என் வீட்டுக்குள்ளேயே இது நடந்திருக்கிறது!

கையெழுத்துப் போடுவானா என்று கேட்கச் சொன்னேன். “நடந்ததை எழுதியிருந்தா போடுறேம்மா” என்றானாம். பஸ் நிறுத்தத்துக்கே வந்து நிற்கிறேன் என்றானாம். பஸ் செலவுகூடக் கேட்கவில்லை. எதுவும் கேட்காதவனைத்தான் நான் முதலில் சோதிப்பேன். என்ன திட்டத்தோடு வருகிறானோ?

என்ன எழுதியிருக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்? நான் சொல்லச் சொல்ல டைப் அடித்தது. ‘ஜனவரி மாதத்தில் பெட்ரோல் வாசம் வருவதை என் முதலாளியிடம் தெரிவித்தேன். அவர் அதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டார். பிறகு குடும்பக் காரணத்தால் நானாகவே வேலையிலிருந்து விலகிவிட்டேன்.’ மூன்று வரி. கற்பூரம் எல்லாம் கோர்ட்டுக்கு எதற்கு?

அந்தக் காலண்டர் தாள்களை வக்கீலிடம் கொடுத்தால் போதாதா என்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும். கொடுக்கலாம். தேதி அச்சில் இருக்கிறது, கையெழுத்து என்னுடையது, வாசம் என்று எழுதியிருக்கிறது. அதைவிடச் சாட்சி கிடையாது. ஆனால் கொடுக்க முடியாது. அவற்றில் வேறு சில விஷயங்களும் இருக்கின்றன. பீரோவில் வைத்திருக்கிறேன்.

இருங்கள், டைப் அடித்ததைக் காட்டுகிறேன். வையம்பட்டி தாண்டிவிட்டோம்; இனிமேல் இறங்கத் தயாராக வேண்டும். ஃபைலில் மேலாகவே வைத்தேன்.

இது என்ன?

தம்பி, இந்தப் பையை நீங்கள் தொட்டீர்களா? நான் கண் அசந்தபோது? இல்லை, நான் கண் அசரவில்லை. இது எப்படி இங்கே வந்தது? தை இரண்டு. இதை நான் பீரோவில் வைத்தேன். பீரோச் சாவி... சாவி கமலவேணியிடம்தான் இருக்கிறது. காலையில் ஃபைலை அவள்தான் பையில் வைத்தாள். சம்புடத்தையும் அவள்தான் வைத்தாள். ‘சவரிகிட்ட கொடுங்க, ரவா லாடு’ என்றாள். ஃபைலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பஸ் ஆடுகிறது, என் கண்ணுக்கு எழுத்து நிற்க மாட்டேன் என்கிறது. நீங்களே படியுங்கள். பின்பக்கம். கொஞ்சம் சத்தமாக.

‘சவரி எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்தான். டேங்க் பக்கம் பெட்ரோல் வாசம் என்கிறான். திருட்டு உறுதி. நிறுத்தியாயிற்று.’

இன்னொரு தடவை படியுங்கள். முதல் இரண்டு வாக்கியம் போதும்.

ம்.

நான் எழுதும்போது அது இப்படிக் கேட்கவில்லை.

கமலவேணி அன்றைக்குப் பட்டுப் புடவை கட்டியிருந்தாள், தம்பி. முந்தானையைச் செருகிக்கொள்ளாமல் அப்படியே குனிந்தாள். முந்தானை தரையில் கிடந்தது. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில். நானே டேங்க் நிறையப் போடச் சொன்ன நாள்.

கண்டக்டர் அய்யலூர் என்கிறார். பேனா வைத்திருக்கிறீர்களா? கொடுங்கள். சவரிக்கு இல்லை, எனக்கு. இந்தத் தாளின் அடியில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. இல்லை இல்லை, மன்னிப்பு எல்லாம் ஒன்றும் இல்லை. ஆபீஸ் நடைமுறை. ‘மறுபடி சோதித்தேன். சரியாக உள்ளது.’ அருணகிரி. இன்று தேதி என்ன? அதை விடக் கூடாது. வெறும் இடம் விட்டால் பின்னால் யாராவது எதையாவது எழுதிக்கொள்வார்கள்.

டைப் அடித்தது உங்களிடம் இருக்கட்டும். அதன் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. கடையில் ஏதாவது குறிக்க ஆகும். இந்தாருங்கள் பேனா, மூடி சரியாக இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள்.

அதோ, டீக்கடை வாசலில் நிற்கிறான். பஸ்ஸைப் பார்த்துக் கை காட்டுகிறான். வலது கை. அந்தக் கைதான்.

இங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. இறங்கிக் கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டும்.